பிளேடைத் தீட்டலாமா? சவரக் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். பிளேடு மாட்டுகிற கத்தியில் பாதி பிளேடைப் போட்டு வீட்டிலேயே ஷேவ் செய்கிறவர்கள், அந்த பிளேடைத் தோல் வாரில் தீட்டினால் வழவழவென்று ஓடுமா என்று கேட்கிறார்கள். நம் பக்கத்து இளைஞர்கள் மறுபடி கத்தியைக் கையில் எடுப்பதில் எனக்கு உண்மையான சந்தோஷம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

புது பிளேடு போட்ட முதல் நாள் கன்னம் எரிகிறது. வாரில் தீட்டிவிட்டுப் போட்டால் சரியாகுமா? (நெல்லிக்குப்பம் வாசகர்)

வேண்டாம் ஐயா. பழைய மடக்குக் கத்தியின் முதுகு தடிமனாக இருக்கும். முதுகும் வாயும் சேர்ந்து வாரில் படிகிற மாதிரி கத்தியைக் கிடத்தினாலே கோணம் தானாக அமைந்துவிடும். பிளேடுக்கு முதுகே கிடையாது, அதன் தடிமனே 0.1 மில்லிமீட்டர்தான். கிடத்தினால் பிடியின் தகடுதான் வாரில் முட்டும், விளிம்பு சரியாகப் படாது. பட வேண்டுமே என்று தூக்கினால் கோணம் கூடிப்போய் முனை மழுங்கும். கை தவறினால் வார் கிழியும். நல்ல வாரை இப்படிப் பாழாக்கியவர்கள் உண்டு.

இன்னொன்று, பூச்சு. இப்போது வரும் பிளேடுகளின் விளிம்பில் டெஃப்லான் வகைப் பூச்சு பூசித்தான் அனுப்புகிறார்கள். ஒட்டாத தோசைக்கல்லில் இருக்கிறதே, அதே ரகம். பிளேடு முடியை இழுக்காமல் வழுக்கிப் போவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. தேய்க்கத் தேய்க்க நாமே அதைச் சுரண்டி எடுக்கிறோம். சிலர் புது பிளேடால் பாட்டில் கார்க்கை லேசாக ஒரு தடவை சீவிவிட்டு முகத்தில் வைப்பார்கள். முரட்டுத்தனம் குறையும் என்பது நிஜம். கூர்மையும் கூடவே குறையும்.

எரிச்சலுக்கு நான் சொல்லும் வழி வேறு. தாடியை வெந்நீரில் இரண்டு மூன்று நிமிடம் நன்றாக ஊறவிடுங்கள். தண்ணீர் குடித்த முடி உப்பி இளகிவிடும், வெட்டுவதற்கு மிகக் குறைந்த வலு போதும். கத்தியைக் கன்னத்துக்கு முப்பது டிகிரி சாய்வில் பிடித்து, இன்னொரு கையால் தோலை இழுத்துப் பிடியுங்கள். அழுத்தவே கூடாது. ரேசரில் பழகிய கை அழுத்தத்தான் பார்க்கும். அதில் தடுப்புப் பட்டை இருக்கிறது, கத்தியில் இல்லை. இவ்வளவும் செய்த பிறகும் எரிந்தால் வேறு கம்பெனி பிளேடுக்கு மாறுங்கள். ஒருவர் முகத்துக்கு ஒத்துவருவது இன்னொருவருக்கு ஒத்துவராது.

என் தாத்தா கண்ணாடி டம்ளருக்குள் பிளேடை வைத்துத் தேய்ப்பார். ஒரே பிளேடு வாரக்கணக்கில் வரும். அது பொய்யா? (முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

பொய்யே இல்லை. அந்தக் காலத்து பிளேடு கார்பன் எஃகு, பூச்சு எதுவும் கிடையாது. டம்ளரின் உள்வளைவு கோணத்தைப் பிடித்துக்கொடுக்கும், கண்ணாடி மெல்லிய சாணைக்கல் மாதிரி வேலை செய்யும். பிளேடைத் தீட்டுவதை நம்பியே ஒரு பெரிய வியாபாரம் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் ஹென்றி கெய்ஸ்மன் என்பவர், வாரை ரேசருக்குள்ளேயே நுழைத்து முன்னும் பின்னும் இழுத்தால் பிளேடு தீட்டப்படுகிற மாதிரி 'ஆட்டோஸ்ட்ராப்' ரேசரைக் கொண்டுவந்தார். அந்தக் கம்பெனி 1930-இல் ஜில்லெட்டோடு இணைந்தது. 1960-களின் தொடக்கத்தில் துருப்பிடிக்காத எஃகு பிளேடும் பூச்சும் வந்த பிறகுதான் தேய்க்கிற பழக்கம் வழக்கொழிந்தது. தாத்தா செய்தது அவருடைய பிளேடுக்குச் சரி. உங்களுடையது வேறு பிளேடு.

நாலு ஷேவ் ஆன பிளேடை ஜீன்ஸ் துணியில் தேய்த்தால் புதுசாகிவிடும் என்கிறார்களே? (பண்ருட்டி)

புதுசாகாது. விளிம்பில் ஒட்டிய சோப்பும் தோல் செதிலும் போகும், லேசாக மடிந்த இடம் கொஞ்சம் நிமிரலாம், அதனால் ஒரு ஷேவ் கூடுதலாக வரலாம். பிளேடு வீணாவது பெரும்பாலும் தேய்வதால் அல்ல, விளிம்பு சில்லு சில்லாக உடைவதால். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் இதை மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து 2020-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். எஃகைவிட ஐம்பது மடங்கு மென்மையான முடி, சாய்வாக வந்து மோதும்போது விளிம்பின் பலவீனமான இடத்தில் சில்லைப் பெயர்த்துவிடுகிறது. பெயர்ந்த சில்லைத் துணியோ தோலோ திருப்பி ஒட்டாது. உங்கள் முகத்துக்கு மட்டும் என்றால் தேய்த்துப் பாருங்கள். துணியைச் சமமான பலகையில் விரித்து, வாய் பின்னால் வரும்படி, அழுத்தாமல் இழுக்க வேண்டும். அதற்குப் பிறகும் முடியை வெட்டாமல் பிடித்து இழுக்கிற பிளேடைத் தூக்கிப் போடுங்கள்.

அண்ணே, சலூனில் பாதி பிளேடைத் தீட்டி, டெட்டாலில் முக்கி அடுத்தவருக்கும் போடலாமா? பிளேடு செலவு கட்டுப்படியாகவில்லை. (பெயர் வேண்டாம், கடலூர் முதுநகர்)

கூடாது தம்பி. இதில் எனக்கு இரண்டாவது பேச்சே கிடையாது. ஹெபடைடிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிர்ப்போடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத ரத்தக் கசிவே அதற்குப் போதும். வாரில் தீட்டினால் கிருமி வாரிலும் ஏறும், அதற்குப் பிறகு தீட்டுகிற எல்லாவற்றிலும் ஏறும். டெட்டாலில் ஒரு முக்கு முக்குவது கிருமி நீக்கம் ஆகாது. ஆளுக்குப் பாதி பிளேடு, அதையும் வாடிக்கையாளர் கண் முன்னால் உடைத்து மாட்டுங்கள். கட்டுப்படியாகவில்லை என்றால் ஷேவிங் கூலியைக் கூட்டுங்கள், கேட்கிறவர்களுக்குக் காரணத்தைச் சொல்லுங்கள். படிகாரக் கட்டியை எல்லார் முகத்திலும் தேய்ப்பதையும் இன்றோடு நிறுத்துங்கள். பொடித்து வைத்து, ஆளுக்கொரு பஞ்சில் தொட்டு ஒற்றினால் போதும்.

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த தாத்தாவின் மடக்குக் கத்தி பெட்டியில் கிடைத்தது. 'தியேர்' என்று பொறித்திருக்கிறது. ஷேவ் செய்ய முடியுமா? (புதுச்சேரி)

நிச்சயம் முடியலாம். தியேர், பிரான்சில் பல நூறு வருடமாகக் கத்தி செய்வதற்குப் பேர்போன ஊர். புதுச்சேரியில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தாக்களின் வீட்டுப் பெட்டிகளில் இப்படி நல்ல எஃகு இன்னும் தூங்கிக்கொண்டிருக்கும். தீட்டுகிற கலை உண்மையில் இந்தக் கத்திக்கு உரியது.

முதலில் விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெட்டுவிழுந்த இடமும் மழுங்கிய இடமும் மின்னும். மேல்துரு இருந்தால் பரவாயில்லை, விளிம்பில் குழி விழுந்திருந்தால் சிரமம். தெருவில் வருகிற சாணைக்காரரிடம் தயவுசெய்து கொடுக்காதீர்கள். வேகமாகச் சுற்றுகிற சக்கரத்தில் மெல்லிய விளிம்பு சூடேறி, எஃகின் பதம் போய்விடும். திரும்ப வராது. தண்ணீர் விட்டுத் தேய்க்கும் கல்லில், முதுகும் வாயும் ஒன்றாகப் படிய, 1000 எண் கல்லில் தொடங்கி 8000 வரை போக வேண்டும் (எண் கூடக் கூடக் கல் நைசாகும்).

கல் வேலை முடிந்ததும் வார். வாரைத் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டுங்கள். முதுகு முன்னே போகட்டும், வாய் பின்னே வரட்டும். முனையில் திருப்பும்போது முதுகின் மேல் புரட்ட வேண்டும், வாயின் மேல் புரட்டினால் கல்லில் செய்த உழைப்பெல்லாம் ஒரே இழுப்பில் போகும். ஒவ்வொரு ஷேவுக்கு முன்னாலும் ஐம்பது அறுபது தடவை போய்வரலாம். வேகம் தானாக வரும், அவசரப்படாதீர்கள். வாரில் பூசித் தீட்டும் பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடு பசை, வெறும் வாரில் இழுத்துக் கூர்மை திரும்பாதபோதுதான். அதற்குத் தனி வார் வையுங்கள். கைப்பிடி பழைய செல்லுலாய்டாக இருந்து, அதையொட்டிய எஃகு மட்டும் துருப்பிடித்திருந்தால் பிடியை மாற்றிவிடுங்கள். செல்லுலாய்டு சிதையும்போது வருகிற ஆவி எஃகை அரிக்கும்.

'ஸ்டெயின்லெஸ்' என்று போட்டிருக்கிறது, இரண்டே நாளில் பழுப்புக் கறை. (தேவனாம்பட்டினம்)

உங்கள் ஊர்க் காற்றிலேயே உப்பு. கடலோரத்து போர் தண்ணீரிலும் பல இடங்களில் உப்பு ஏறிவிட்டது. எஃகைக் காக்கும் மெல்லிய குரோமியம் படலத்தை உப்பு துளைத்துவிடும். கடைசியாக ஒருமுறை கேன் தண்ணீரில் அலசி, உதறி, ஸ்பிரிட்டில் முக்கிக் காயவையுங்கள். விளிம்பைத் துண்டால் துடைக்காதீர்கள். பிளேடை பாத்ரூமில் வைக்க வேண்டாம். உப்புத் தண்ணீரில் சோப்பும் நுரைக்காது, நுரை குழைக்கவும் கேன் தண்ணீரே நல்லது.

கழுத்தில் மட்டும் பொரிப்பொரியாக வருகிறது. தீட்டாததாலா? (விருத்தாசலம்)

இல்லை. கழுத்து முடி பக்கவாட்டிலும் மேல்நோக்கியும் வளரும். விரலால் தடவி எந்தப் பக்கம் என்று பார்த்து, அதன் போக்கிலேயே ஒருமுறை மட்டும் இழுங்கள். ஒரு மாதம் எதிர்ச்சவரம் (முடி வளரும் போக்குக்கு எதிராக இழுப்பது) வேண்டாம்.

பழைய பிளேடுகளை என்ன செய்வது? (அரியாங்குப்பம்)

மூடியில் கீறல் போட்ட தகர டப்பாவில் போட்டுக்கொண்டே வாருங்கள். நிறைந்ததும் கீறலை டேப்பால் ஒட்டி, மேலே 'பிளேடு' என்று பெரிதாக எழுதி, குப்பை வாங்க வருகிறவரிடம் சொல்லிக் கையில் கொடுங்கள்.