வயதான பூனைக்கு முடி கொட்டினால் முதலில் எடை பாருங்கள்: கேள்வி பதில்

வட சென்னையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்த்து வருகிறேன். வயதான பூனைகளின் முடி உதிர்தல் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சிலவும் என் பதில்களும்:

கொருக்குப்பேட்டை: டாக்டர் அம்மா, எங்கள் நாட்டுப் பூனைக்கு 13 வயது. இரண்டு மாதமாகக் கொத்துக் கொத்தாக முடி கொட்டுகிறது. முன்பைவிட அதிகம் சாப்பிடுகிறது, ஆனால் இளைத்துவிட்டது. இரவெல்லாம் கத்துகிறது. வயதானால் இப்படித்தானா?

இல்லை. நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கிற பூனைக்குள் ஏதோ நோய் இருக்கிறது. பத்து வயது தாண்டிய பூனைக்குப் பசி, இளைப்பு, இரவுக் கத்தல் மூன்றும் சேர்ந்து வந்தால் என் விரல்கள் முதலில் கழுத்தைத் தேடும். முகவாயை லேசாக உயர்த்தி, மூச்சுக்குழாயின் இரு பக்கமும் விரல்களை மார்பை நோக்கி மெல்ல இறக்குவேன். வீங்கிய தைராய்டு சுரப்பியாக இருந்தால் பட்டாணி போல ஒன்று விரலுக்கடியில் நழுவிப் போகும். பெரும்பாலும் அது புற்றுநோய் இல்லாத கட்டிதான். ஆனால் அது அளவுக்கு மீறிச் சுரப்பதால் உடம்பு இரவு பகலாக ஓடிக்கொண்டே இருக்கிறது. இதயம் படபடக்கிறது, சதை கரைகிறது, முடி உயிரற்றுக் கழன்று வருகிறது.

ரத்தத்தில் டி4 என்ற தைராய்டு ஹார்மோனின் அளவைப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். அதோடு கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும்), சர்க்கரை, சிறுநீரின் அடர்த்தி, ரத்த அழுத்தம் ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு துள்ளும்போது சிறுநீரகத்துக்கு ரத்தம் அதிகமாகப் பாய்வதால் அங்குள்ள கோளாறு மறைந்திருக்கும். மருந்து கொடுத்துத் தைராய்டு அடங்கியதும் அது வெளியே வரும். அதனால்தான் மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்கிறோம். தைராய்டை அடக்கும் மெதிமசோல், கார்பிமசோல் இரண்டும் நல்ல மருந்துகள்தான். அளவை மருத்துவர் சொல்ல வேண்டும். வீட்டில் யாருக்காவது எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்து வாங்காதீர்கள்.

இன்றே எடை பாருங்கள். துணிப்பையில் வைத்து மளிகைக்கடை எலக்ட்ரானிக் தராசில் நிறுத்தினால் போதும். நான்கு கிலோ பூனை 400 கிராம் குறைந்தால், அறுபது கிலோ மனிதர் ஆறு கிலோ குறைந்ததற்குச் சமம். மாதம் ஒருமுறை நிறுத்துக் காலண்டரில் எழுதி வையுங்கள்.

பெரம்பூர்: பெர்ஷியன், 9 வயது. வீடு முழுக்க முடி. எடை குறையவில்லை, விளையாடுகிறது.

தினமும் சீவுங்கள். வீட்டுக்குள்ளேயே விளக்கு வெளிச்சத்தில் வாழும் பூனைக்கு ஆண்டு முழுதும் முடி உதிரும். சிக்கு விழுந்தால் கத்தரிக்கோல் வேண்டாம், தோலும் சேர்ந்து வெட்டுப்படும்.

தண்டையார்பேட்டை: 14 வயதுக் கடுவன். வாலுக்கு மேலே முதுகில் மட்டும் முடி திரிதிரியாகி, பொடுகு போல உதிர்கிறது. மற்ற இடமெல்லாம் பளபளப்பாக இருக்கிறது.

நல்ல கவனிப்பு. அந்த இடத்தை நக்க உடம்பை முறுக்கித் திரும்ப வேண்டும். உங்கள் பூனையால் திரும்ப முடியவில்லை. முன்பு ஒரே தாவலில் ஜன்னல் ஏறியது, இப்போது நாற்காலியில் ஏறி, நின்று, பிறகு ஏறுகிறதா என்று பாருங்கள். அப்படியானால் மூட்டு வலிதான். பூனை வலியில் கத்தாது, அசைவைக் குறைத்துக்கொள்ளும். மலம் கழிக்கும் தட்டின் ஓரம் தாழ்வாக இருக்கட்டும். முதுகை நீங்களே ஈரத்துணியால் துடைத்துச் சீவிவிடுங்கள். மூட்டு வலிக்குப் பூனைக்கென்று மருந்து இருக்கிறது, நேரில் பார்த்துத்தான் தர முடியும்.

பாராசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அரை மாத்திரை கூட உயிரைப் பறிக்கலாம். ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும், மூச்சு முட்டும். அப்படி வந்த பூனைகளைக் கையில் ஏந்தியிருக்கிறேன். மாத்திரை கொடுத்தவர்கள் எல்லோரும் அன்பினால்தான் கொடுத்தார்கள்.

திருவொற்றியூர்: தேங்காய் எண்ணெய் தடவலாமா?

வேண்டாம். தடவியதை எல்லாம் நக்கி விழுங்கும், வயிற்றுப்போக்குதான் மிஞ்சும்.

எண்ணூர்: தெள்ளுப்பூச்சி இருக்கிறது. நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்து பாதி மீதம் இருக்கிறது. போடலாமா?

போடாதீர்கள். நாய் மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறது. பூனைக்கு நடுக்கம், வலிப்பு வந்து இறந்துவிடலாம். பூனைக்கென்றே எழுதியிருப்பதை எடைக்கு ஏற்ப வாங்குங்கள்.

காசிமேடு: துறைமுகத்திலிருந்து வரும் நெத்திலியைப் பச்சையாகத்தான் போடுகிறோம். மீன் போட்டால் முடி நன்றாக இருக்கும் என்கிறார்களே, எங்கள் 11 வயதுப் பூனைக்கு ஏன் கொட்டுகிறது?

மீன் மட்டுமே உணவு என்பதுதான் என் கவலை. பச்சை நெத்திலி, மத்தி போன்ற மீன்களில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது. நாளாக ஆகப் பூனை தள்ளாடும், கழுத்து மார்பை நோக்கி மடங்கித் தொங்கும். வேகவைத்தால் அந்த நொதி செயலிழக்கும்.

காசிமேடு: என் ஆயா காலத்தில் பத்துப் பூனைகள் பச்சை மீன் தின்றே வளர்ந்தன டாக்டர் அம்மா.

அந்தப் பூனைகள் எலியும் பல்லியும் குருவியும் தின்றன, அம்மா. உங்கள் பூனை மூன்றாவது மாடியில் அடைந்து கிடக்கிறது. அவற்றில் எத்தனை 11 வயதைத் தொட்டன என்றும் ஆயாவிடம் கேட்டுப் பாருங்கள்.

வியாசர்பாடி: வேகவைத்தால் சத்து போய்விடுமே? காசிமேட்டு அக்கா சொல்வதுதான் சரி.

வேகவைக்கும்போது பி1 கொஞ்சம் குறையும், உண்மைதான். அதற்காகத்தான் மீனோடு கோழி இறைச்சியோ, முழுச் சத்துள்ள பூனை உணவோ வேண்டும் என்கிறேன். பச்சையாகப் போட்டால் நொதி மற்ற உணவிலுள்ள பி1-ஐயும் சேர்த்து அழிக்கும்.

காசிமேடு: சரி, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். மீன் விலை ஏறிவிடும். அப்போது கருவாடும் ஈரலும்தான் போடுவோம்.

கருவாடு வேண்டவே வேண்டாம். பலவீனமான சிறுநீரகத்துக்கும் ஏறிய ரத்த அழுத்தத்துக்கும் அந்த உப்பு ஆகாது. ரத்த அழுத்தம் ஏறி ஒரே இரவில் கண் தெரியாமல் போன கிழப் பூனைகள் உண்டு. ஈரல் வாரம் ஒரு நாள் சிறு துண்டு போதும். தினமும் போட்டால் வைட்டமின் ஏ சேர்ந்து கழுத்தெலும்பே இறுகிவிடும். தடைக்காலத்தில் உப்பும் வெங்காயமும் இல்லாமல் வேகவைத்த கோழிக்கறி கொடுங்கள். முடி கொட்டுவதற்கு ரத்தப் பரிசோதனையும் செய்யுங்கள். மீன் விவாதத்தில் அதை மறந்துவிட வேண்டாம்.

மணலி: வேப்பெண்ணெய் தடவலாமா?

திருவொற்றியூருக்குச் சொன்னதேதான். எந்த எண்ணெயும் வேண்டாம்.

வண்ணாரப்பேட்டை: முடி கொட்டுவதற்கு ஒரு நல்ல டானிக் பெயர் சொல்லுங்கள்.

எடை எவ்வளவு என்று எழுதுங்கள், பிறகு பேசலாம். டானிக் கேட்டு இது ஐந்தாவது கேள்வி. எடை எழுதியவர் ஒருவர்கூட இல்லை.

மாதவரம்: எங்கள் பசுவுக்கும் முடி கொட்டுகிறது.

மாடு என் துறை இல்லை. அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள்.

ராயபுரம்: 16 வயது. ஒரு மாதமாகக் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறது, நிறையச் சிறுநீர் கழிக்கிறது. முடி முரடாகிவிட்டது, வாய் நாறுகிறது. இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. ஞாயிறு வரை பார்க்கலாமா?

பார்க்காதீர்கள். சிறுநீரகம் களைத்திருக்கலாம், சர்க்கரை நோயாகவும் இருக்கலாம். பூனை இரண்டு நாள் பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பு படியத் தொடங்கும், அது தனி ஆபத்து. நாக்கைப் பிடித்துப் பால் ஊற்றாதீர்கள், புரையேறும். மூடியுள்ள கூடையில் பழைய புடவை விரித்துப் பூனையை வையுங்கள். அருகில் மருத்துவர் இல்லையென்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குத் தொலைவில்லை. 1903-இல் தொடங்கிய கல்லூரி அது, ஆட்டோக்காரருக்கு வழி சொல்ல வேண்டியதில்லை. எப்போதிலிருந்து தண்ணீர் அதிகம் குடிக்கிறது, கடைசியாக எப்போது சாப்பிட்டது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு இப்போதே கிளம்புங்கள்.