கையை விட்டாலே ஓடி ஒளியும் லெப்பர்ட் கெக்கோவை எப்படிப் பழக்குவது?

லெப்பர்ட் கெக்கோ என்ற வளர்ப்புப் பல்லியை வாங்கி மூன்று வாரமாகிறது, தொட்டிக்குள் கையை விட்டாலே வாலைத் தூக்கி ஆட்டிவிட்டு ஓடி ஒளிந்துகொள்கிறது, தினமும் பிடித்து எடுத்துப் பழக்கினால் சரியாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆகாது. தினமும் துரத்திப் பிடித்தால் அது கற்றுக்கொள்ளப் போவது ஒன்றுதான்: கை வந்தால் ஓடு. கொஞ்ச நாளில் ஓடுவதையும் நிறுத்திவிட்டு உடம்பைத் தட்டையாக்கி, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு அசையாமல் கிடக்கும். அதைப் பார்த்து "ஆஹா, பழகிவிட்டது" என்று படம் எடுத்துப் போடுகிறவர்கள் நிறைய பேர். அது பழகியதல்ல, தப்பிக்க வழியில்லை என்று அடங்கிப்போனது. உண்மையிலேயே அச்சமில்லாத கெக்கோ தலையை உயர்த்தி, கண்ணை நன்றாகத் திறந்து, அக்கம் பக்கம் பார்த்து, வழியெல்லாம் நக்கிக்கொண்டே நிதானமாக நடக்கும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

இந்தப் பிராணி எங்கிருந்து வந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியாவின் வறண்ட பாறை நிலங்கள்தான் இதன் ஊர். பகலெல்லாம் கல்லிடுக்கில் கிடந்துவிட்டு மாலை மங்கியதும் வெளியே வரும். அங்கே மேலிருந்து இறங்குகிற எதுவும் இதற்கு நல்லதாக இருந்ததில்லை. தொட்டியின் மூடியைத் திறந்து மேலிருந்து கையை இறக்கினால் அதன் கண்ணுக்கு அது கையாகத் தெரியாது, பறவையாகத்தான் தெரியும். முன்பக்கம் திறக்கிற தொட்டியாக இருந்தால் நல்லது. இல்லையென்றால் கையை ஓரமாக, தரையை ஒட்டி, அது பார்க்கும்படி மெதுவாகக் கொண்டு போங்கள்.

கைக்கு முன்னால் தொட்டியைச் சரிபாருங்கள். சூடான பக்கத்தில் தரை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கட்டாயம். குளிர்ந்த பக்கம் 24 முதல் 26 இருந்தால் போதும். ஒளிவிடம் குறைந்தது மூன்று வேண்டும்: சூட்டில் ஒன்று, குளிர்ச்சியில் ஒன்று, ஈரப்பாசி போட்ட ஈரமான ஒன்று. "இத்தனை ஒளிவிடம் வைத்தால் எப்போதும் ஒளிந்தே கிடக்காதா?" என்று கேட்பார்கள். நடப்பது நேர்மாறு. ஓடிப்போக இடம் இருக்கிறது என்று தெரிந்த கெக்கோதான் தைரியமாக வெளியே வந்து உலாவும். ஒற்றை ஒளிவிடத்தில் பதுங்கியிருக்கும் கெக்கோவை அந்த ஒளிவிடத்தைத் தூக்கிவிட்டு எடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் கடைசிப் புகலிடத்தையும் பறித்துவிடுகிறீர்கள்.

இன்னும் இரண்டு வாரம் தொடாதீர்கள். தண்ணீர் மாற்றுங்கள், எச்சத்தை எடுங்கள், தீனி போடுங்கள், அவ்வளவுதான். ஒழுங்காகச் சாப்பிட்டு, கழித்துவிட்டு, மாலையில் தானாக வெளியே வந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

அடுத்த கட்டம் ரொம்ப சலிப்பாக இருக்கும், சொல்லிவிடுகிறேன். வாசனையில்லாமல் கையைக் கழுவிவிட்டு, மாலை விளக்கு மங்கிய பிறகு, உள்ளங்கை மேலே பார்க்க, தொட்டியின் ஒரு மூலையில் வைத்துவிட்டுச் சும்மா இருங்கள். விரலை ஆட்டாதீர்கள், கூப்பிடாதீர்கள், அது பக்கத்தில் வந்தால் நீங்கள் நெருங்காதீர்கள். ஐந்து நிமிடம் போதும், பிறகு மெதுவாகக் கையை எடுத்துவிடுங்கள். பல நாள் ஒன்றுமே நடக்காது. பிறகு ஒரு மாலை, ஒளிவிடத்திலிருந்து தலை மட்டும் நீளும். தொண்டை மட்டும் படபடவென்று துடிக்க, ஒரு காலை அந்தரத்தில் தூக்கியபடி நின்று யோசிக்கும். அப்புறம் வந்து விரல் நுனியை ஒரே ஒரு முறை நக்கும். ஈரம் கூடத் தெரியாது, அவ்வளவு லேசு. நாக்கில் படும் வாசனையை வாயின் மேல் அண்ணத்தில் உள்ள உறுப்பால் அது ஆராய்கிறது. நீங்கள் யார் என்பதை முகத்தைப் பார்த்து அல்ல, இப்படித்தான் பதிவு செய்துகொள்கிறது. அந்த நேரத்தில் சந்தோஷத்தில் கையை அசைத்துவிடாதீர்கள்.

நக்கிய பிறகு உள்ளங்கையில் ஏறத் தொடங்கும். ஏறி இறங்கிப் போக விடுங்கள். இது வாடிக்கையான பிறகுதான் தூக்குவது. வயிற்றுக்கு அடியில் கையைக் கொடுத்து நான்கு காலும் கையில் பதியும்படி ஏந்துங்கள். வாலைப் பிடிக்கவே கூடாது. தரையில் உட்கார்ந்துகொண்டு செய்யுங்கள், ஏனென்றால் சுவரேறும் பல்லியைப் போல இதன் விரல்களில் ஒட்டும் தன்மை கிடையாது, வெறும் நகம்தான், தவறினால் நேராகக் கீழே விழும். நடக்க நடக்க ஒரு கைக்கு முன்னால் மறு கையை வைத்துக்கொண்டே போங்கள். முதலில் ஓரிரு நிமிடம், பழகிய பின் பத்து, பதினைந்து. அதற்கு மேல் வேண்டாம். அது திமிறும்போது இறக்கிவிட்டால் திமிறுவதையே கற்றுக்கொள்ளும், அடங்கும் வரை பிடித்து வைக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. திமிறும் அளவுக்கு விட்டதே அதிகம். அமைதியாக இருக்கும்போதே திருப்பி விட்டுவிட்டால் இந்தக் கேள்வியே எழாது.

நீங்கள் சொன்ன வாலாட்டத்துக்கு வருவோம். வாலை உயர்த்தி மெதுவாக, பாம்பு நெளிவது போல் அசைத்தால் "கிட்டே வராதே" என்று பொருள். கையை அப்படியே நிறுத்தி, மெல்லப் பின்வாங்குங்கள். வால் நுனி மட்டும் வேகமாகச் சடசடவென்று அதிர்ந்தால் அது பெரும்பாலும் இரையைக் கண்ட பரபரப்பு. அந்த நேரத்தில் விரலை நீட்டினால் விரலும் இரைதான். அதனால் தீனியை இடுக்கியில் கொடுத்துப் பழக்குங்கள், நீங்கள் பக்கத்தில் இருப்பதும் சாப்பாடும் சேர்ந்து மனதில் பதியும், விரலும் தப்பிக்கும். கடித்துவிட்டால் கையை உதறாதீர்கள். பற்கள் சிறியவை, தானாக விட்டுவிடும், உதறினால் அதன் தாடைக்குத்தான் ஆபத்து.

ரொம்பப் பயந்தால் வாலை உதிர்த்துவிடும். துண்டான வால் துள்ளுவதைப் பார்த்து நாம்தான் அலறுவோம். இரத்தம் அதிகம் வராது. தரையில் வெறும் காகிதத் துண்டு விரித்து, சுத்தமாக வைத்து, தொந்தரவு செய்யாமல் நன்றாகத் தீனி கொடுத்தால் புது வால் வளரும். ஆனால் குட்டையாக, வழவழவென்று, பழைய வரிகள் இல்லாமல் வரும். கொழுப்பைச் சேமித்து வைப்பது வாலில்தான் என்பதால் இழப்பு பெரிதுதான்.

தோல் வெளிறி உரிக்கப் போகும் நாட்களிலும், அது சாப்பிட்டு முடித்த உடனேயும் எடுக்க வேண்டாம். குட்டிகளையும் அதிகம் எடுக்காதீர்கள், அந்தச் சிறிய வாயைத் திறந்து அவை போடும் சத்தம் உங்களையே திடுக்கிட வைக்கும். எடுத்த பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், ஊர்வன சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கலாம். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள் கையில் கொடுக்காமல் இருப்பது நல்லது.

நன்றாகப் பழகிய ஒன்று திடீரென்று தொடவிடாமல் போனால் பயிற்சியைச் சந்தேகிக்காதீர்கள், உடம்பைச் சந்தேகியுங்கள். கால்சியமும் டி3 வைட்டமினும் போதாமல் எலும்பு மெலிந்தால் தொட்டாலே வலிக்கும். கால் வளைவது, தாடை மென்மையாவது, விரல் நடுங்குவது எல்லாம் அதன் அறிகுறிகள். ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நிறத்துக்காகவே வளர்த்தெடுத்த எனிக்மா வகையாக இருந்தால் தலை சாய்வது, வட்டமடிப்பது போன்ற நரம்புக் கோளாறுகள் வரக்கூடும், பதற்றத்தில் அவை அதிகமாகும், அதை இன்னும் குறைவாகவே எடுக்க வேண்டும்.

எங்களிடம் இரண்டு இருக்கின்றன. ஒன்று கதவைத் திறந்ததும் கைக்கு வந்துவிடும். பாசமா பசியா என்று நான் ஆராய்வதில்லை. மற்றது வயதில் மூத்தது, கையை நக்கும், ஏறாது. வலுக்கட்டாயமாக ஏற்றவும் நான் முயலவில்லை. எடை பார்க்கவோ தொட்டி கழுவவோ எடுக்க வேண்டுமென்றால் ஒரு சின்ன டப்பாவைப் பக்கவாட்டில் சாய்த்து முன்னால் வைத்துவிட்டு, பின்னாலிருந்து கையை மெதுவாக நகர்த்துவேன். இருட்டான பொந்து என்று நினைத்துத் தானே உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். டப்பாவோடு தராசில் வைத்து, டப்பாவின் எடையைக் கழித்துக்கொள்வேன். உங்களுடையதும் அந்த ரகமாக இருந்தால் இந்த வழியே போதும்.