விளையாட்டும் ஸ்கர்ட்டும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நாற்பது வயதுக்குப் பிறகு ஓடவும் டென்னிஸ் ஆடவும் தொடங்கியிருக்கிறேன். இதுவரை லெகிங்ஸ்தான் அணிந்துவந்தேன். வெயிலில் அது தாங்கவில்லை. குட்டை ஷார்ட்ஸ் அணிந்தாலோ தொடைகள் உரசிப் புண்ணாகின்றன. உள்ளே ஷார்ட்ஸ் சேர்த்துத் தைத்த ஸ்கர்ட்டான ஸ்கோர்ட் வாங்கலாம் என்று எண்ணியபோது, உடன் ஆடும் தோழி, “அது பார்ப்பவர்களுக்காகத் தைத்த உடை” என்று சொல்லிவிட்டார். அயர்லாந்தில் வீராங்கனைகளே அதை எதிர்த்துப் போராடியதையும் எடுத்துக்காட்டினார். ஸ்கர்ட்டும் ஸ்கோர்ட்டும் பெண்களுக்கு உண்மையிலேயே உதவும் விளையாட்டு உடைகள்தானா?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் தோழி சொன்னதில் வரலாறு இருக்கிறது. உங்கள் தொடைப் புண்ணுக்குத்தான் அதில் மருந்தில்லை. முதலில் நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். ஓட்டத்துக்கும் டென்னிஸுக்கும் நல்ல ஸ்கோர்ட் உதவும். அது நல்லதா இல்லையா என்பது வெளியே தெரியும் ஸ்கர்ட்டைவிட உள்ளே சேர்த்துத் தைத்திருக்கும் ஷார்ட்ஸைப் பொறுத்தது. உள்ளே எதுவும் இல்லாத வெறும் ஸ்கர்ட்டைத் தனியாக அணிந்து ஓடுவது உங்கள் சிக்கலைத் தீர்க்காது. உரசல் அப்படியேதான் இருக்கும்.

நான் வாங்கிய முதல் ஸ்கோர்ட்டை அதன் நிறத்துக்காக வாங்கினேன். முதல் நாள் இருபது நிமிடம் ஓடுவதற்குள் உள்ளிருந்த ஷார்ட்ஸின் இரண்டு கால்களும் பாய் சுருளுவதைப் போலச் சுருண்டு மேலே ஏறிவிட்டன. சற்றைக்கொரு தரம் நின்று, யாரும் வருகிறார்களா என்று பார்த்து, இழுத்துவிட்டுக்கொண்டேதான் வீடு திரும்பினேன். பிறகு அளந்து பார்த்தபோது, கவட்டுத் தையலிலிருந்து கால் விளிம்பு வரை மூன்று அங்குலம்கூட இல்லை. என் தொடைகள் ஒன்றோடொன்று உரசும் இடமோ அதற்கும் கீழே இருந்தது. அதாவது, துணி எங்கே தேவையோ அங்கே அது இல்லவே இல்லை. ஆறு அங்குலத்துக்குக் குறையாத உள் ஷார்ட்ஸ் கொண்ட ஒன்றை வாங்கிய பிறகு அந்தத் தொல்லை நின்றது. உங்கள் அளவு வேறாக இருக்கலாம். உரசும் இடத்தைத் தாண்டிக் கீழே துணி வருகிறதா என்பதுதான் கணக்கு.

நீளம் சரியாக இருந்தாலும் துணி தவறானால் பயனில்லை. பருத்தி வியர்வையை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்வதால், நனைந்த பிறகு காய்ந்த தோலைவிட மோசமாக உரசும். ஆகவே, ஸ்பான்டெக்ஸ் கலந்த நைலானோ பாலியெஸ்டரோ உள்ளே இருக்கட்டும். தையல்கள் புடைத்துக்கொண்டிராமல் தட்டையாக இருக்க வேண்டும். சிலவற்றில் கால் விளிம்பின் உட்புறம் சிலிக்கோன் பட்டை ஒட்டியிருப்பார்கள். மேலே ஏறாமல் பிடித்துக்கொள்ளும் என்றாலும், வியர்வையோடு சேர்ந்து சிலருக்கு அரிப்பை உண்டாக்குவதும் அந்தப் பட்டைதான்.

எல்லா வேலையையும் உள் ஷார்ட்ஸே செய்கிறதென்றால் மேலே ஸ்கர்ட் எதற்கு என்று உங்கள் தோழி கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். இறுக்கமான துணி உடலின் வடிவத்தை அப்படியே காட்டுவதை விரும்பாத பெண்களுக்கு, முழங்கால் வரை மூடாமலே ஒரு மறைப்பை அது தருகிறது. யார் பார்க்கிறார்களோ என்ற நினைப்பின்றி ஒரு மணி நேரம் ஓட முடிவதை நான் அலங்காரக் கணக்கில் சேர்க்க மாட்டேன். மேல்துணி அகன்று விரிவதாகவோ பக்கவாட்டில் திறப்புள்ளதாகவோ இருந்தால் காலை எட்டிவைக்கத் தடையும் இராது. 2004இல் அமெரிக்க வீராங்கனை நிக்கோல் டிபூம் விஸ்கான்சின் அயர்ன்மேன் போட்டியில் ஸ்கர்ட் அணிந்து ஓடித்தான் வென்றார். 3.8 கிலோமீட்டர் நீச்சலையும் 180 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டத்தையும் முடித்த பிறகு ஒரு முழு மாரத்தான் ஓட வேண்டிய போட்டி அது.

டென்னிஸில் இன்னொரு பயன் உண்டு. முதல் சர்வ் வலையில் பட்டதும் ஆட்டக்காரரின் கை தானாகவே தொடைக்குப் போவதைக் கவனித்திருப்பீர்கள். இரண்டாவது பந்து உள் ஷார்ட்ஸின் விளிம்புக்குள் செருகியிருக்கும். குட்டை ஷார்ட்ஸின் பையில் பந்தைப் போட்டுக்கொண்டு ஓடிப் பாருங்கள், வேறுபாடு புரியும்.

இது பார்ப்பவர்களுக்காகத் தோன்றிய உடை என்பதையும் நான் முழுமையாக ஏற்கவில்லை. 1931 விம்பிள்டனில் ஸ்பெயினின் லிலி தெ அல்வாரெஸ், கால்களுக்கிடையே பிரித்துத் தைத்த ஸ்கர்ட்டை அணிந்து ஆடினார். அன்று அது பெரும் பரபரப்பைக் கிளப்பியது. பார்ப்பவர்களை மகிழ்விக்கத் தைத்திருந்தால் அத்தனை கூச்சல் எழுந்திருக்காது.

அதே சமயம், உடல் தரையோடோ கருவியோடோ மோதும் விளையாட்டுகளில் ஸ்கர்ட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். அமெரிக்காவில் 1943 முதல் 1954 வரை நடந்த பெண்களின் தொழில்முறை பேஸ்பால் லீகில் குட்டை ஸ்கர்ட்தான் சீருடை. சறுக்கி விழுந்து எல்லையைத் தொட வேண்டிய அந்த ஆட்டத்தில் வீராங்கனைகளின் தொடைத் தோல் உரிந்து இரத்தம் கட்டியது. சைக்கிளில் எழுந்து நின்று மிதித்துவிட்டு மீண்டும் உட்காரும்போது துணி சீட்டின் முனையில் மாட்டிக்கொள்ளும். பாறையேறும்போது இடுப்பிலும் தொடையிலும் கட்டும் வார்க்கச்சைக்குள் அது கசங்கித் திரளும்.

இனி அயர்லாந்து. மட்டையும் பந்தும் கொண்டு ஆடும் கமோகி என்ற பெண்கள் விளையாட்டில் ஸ்கோர்ட் கட்டாயமாக இருந்தது. 2025 மே மாதத் தொடக்கத்தில் டப்ளின், கில்கென்னி அணிகள் ஷார்ட்ஸ் அணிந்து களமிறங்கின. மாற்றாவிட்டால் ஆட்டம் கைவிடப்படும் என்று நடுவர் சொன்னதால் மாற்றிக்கொண்டு ஆட நேர்ந்தது. அந்த மாதம் 22ஆம் தேதி கூடிய சிறப்பு மாநாட்டில் 98 விழுக்காட்டினர் விதியை மாற்ற வாக்களித்தனர். உங்கள் தோழி கவனிக்காமல் விட்டது இதைத்தான்: அந்த வாக்கெடுப்பு ஸ்கோர்ட்டைத் தடைசெய்யவில்லை, விரும்பியவர் விரும்பியதை அணியலாம் என்றது. இறகுப்பந்தில் (பேட்மின்டன்) 2011இல் உலகக் கூட்டமைப்பு பெண்களுக்கு ஸ்கர்ட்டைக் கட்டாயமாக்க முயன்று, எதிர்ப்பால் மறு ஆண்டே கைவிட்டதும் இதே கதைதான். பார்ப்பவர்களுக்கான உடை என்ற குற்றச்சாட்டு அந்த விதிக்கு முற்றிலும் பொருந்தும், ஏனெனில் ஆட்டத்தைக் கவர்ச்சியாகக் காட்டுவதே அதன் நோக்கமாகச் சொல்லப்பட்டது.

கட்டாயம் உள் ஷார்ட்ஸ் வரைக்கும் நீளும். முழு வெள்ளையை வலியுறுத்தும் விம்பிள்டன், மாதவிடாய் நாட்களின் பதற்றத்தைக் கருதி, அடர்நிற உள் ஷார்ட்ஸை 2023இல்தான் அனுமதித்தது. அதுவும் ஸ்கர்ட்டைவிட நீளமாக இருக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. உங்களுக்கு அப்படி எந்த நிபந்தனையும் இல்லை. கடையில் அணிந்து பார்க்கும் அறையிலேயே பத்து முறை குதியுங்கள், ஒரு காலை முன்வைத்து நன்றாகத் தாழுங்கள், உட்கார்ந்து எழுங்கள். பிறகு கையால் சரிசெய்யாமல் கண்ணாடியில் உள் விளிம்பு எங்கே நிற்கிறதென்று பாருங்கள். ஏறியிருந்தால், நிறம் எவ்வளவு பிடித்திருந்தாலும் அங்கேயே கழற்றி வைத்துவிடுங்கள்.