ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: எனது பெட்ரோல் காரில் 'செக் என்ஜின்' விளக்கு அணையாமல் எரிகிறது, மைலேஜும் குறைந்துவிட்டது. ஸ்கேனர் 'கலவை லீன்' (காற்று மிகுதி, பெட்ரோல் குறைவு) என்று காட்டுவதால், ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். புகைக்குழாயில் இருக்கும் சென்சாருக்கும் பெட்ரோல் செலவுக்கும் என்ன தொடர்பு?
– வாசகர், ஈரோடு

பதில்: ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவை. உள்ளே வரும் காற்றின் அளவைக் கொண்டு, எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது என்று என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியு கணக்கிடுகிறது. அந்தக் கணக்கு சரிதானா என்பதை, புகையில் மிஞ்சியுள்ள ஆக்ஸிஜனை வைத்துத் தெரிவிப்பதே இந்த சென்சாரின் வேலை. 1976இல் வால்வோ கார்களில் அறிமுகமான ஏற்பாடு இது.

சென்சாரின் உள்ளே பிளாட்டினம் பூசிய சிர்கோனியா பீங்கான் இருக்கிறது. அதன் ஒரு புறம் புகையும் மறுபுறம் வெளிக்காற்றும் பட, சுமார் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானதும், இருபுறத்து ஆக்ஸிஜன் வேறுபாட்டுக்கேற்ப மின்னழுத்தம் பிறக்கிறது. பெட்ரோல் மிகுந்தால் சுமார் 0.9 வோல்ட், காற்று மிகுந்தால் 0.1 வோல்ட். இதைப் பார்த்து ஈசியு பெட்ரோலைச் சற்றே குறைத்தும் கூட்டியும் கொண்டிருப்பதால், நல்ல சென்சாரின் அளவு ஓரிடத்தில் நில்லாமல் மேலும் கீழும் ஊசலாடும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் நச்சு வாயுக்களைச் சரியாக மாற்றுவதற்கும் கலவை இந்தக் குறுகிய எல்லைக்குள் இருந்தாக வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தேவைப்படும் காற்று சற்றுக் குறைவு என்றாலும், சென்சார் பார்ப்பது மிச்ச ஆக்ஸிஜனை மட்டுமே என்பதால் அந்த வேறுபாடும் பெருமளவு தானாகவே சரிசெய்யப்படுகிறது.

உங்கள் காரில் 'லீன்' குறியீடும் மைலேஜ் குறைவும் சேர்ந்து வந்திருப்பதுதான் கவனிக்க வேண்டியது. பெட்ரோல் உண்மையில் குறைவாக இல்லாதபோதே, குறைவு என்று நம்பி ஈசியு கூடுதலாகத் தெளிக்கிறது என்று ஐயுற இடமிருக்கிறது. சென்சார் பழுதானாலும் இப்படி நேரலாம். ஆனால் சென்சாருக்கு முன்னுள்ள புகைக்குழாய் கேஸ்கட்டின் சிறு கசிவு வழியே வெளிக்காற்று உறிஞ்சப்பட்டாலும், ஸ்பார்க் பிளக் தவறி எரியாத காற்று வெளியேறினாலும் நல்ல சென்சாரே 'லீன்' என்றுதான் சொல்லும். ஆகவே முதலில் கேஸ்கட்டையும் பிளக்குகளையும் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு என்ஜின் சூடாக ஓடும்போது, ஸ்கேனரில் முன் சென்சாரின் (கன்வெர்ட்டருக்கு முன்னுள்ளது) அளவைக் கவனித்தபடி ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதிக்கட்டும். அளவு உடனே 0.8 வோல்ட்டைத் தாண்டினால் சென்சாரை மாற்ற அவசரம் இல்லை. கலவையை விரிந்த எல்லையில் அளக்கும் 'வைட்பேண்ட்' வகை சென்சார் உள்ள கார்களுக்கு மட்டும் இந்த அளவுகள் பொருந்தா.