இரண்டு பக்கமும் மாப்பிள்ளை வீட்டார்தான்

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான்: பாஸ்டன் வந்து நான்கு மாதம் ஆகிறது. யூதரான உங்கள் மேனேஜரம்மா, தன் மகன் இன்னொரு பையனைக் கட்டிக்கொள்ளும் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு கூப்பிட்டிருக்கிறார். நடத்திவைப்பவர் ஒரு ரப்பி, அதாவது யூத மதகுரு. ஆனால் பக்கத்து மேஜைக்காரர், அவரும் யூதர், "எங்கள் மதத்தில் இப்படி ஒரு கல்யாணமே கிடையாது" என்று போகாமல் இருக்கிறார். இதில் யார் சொல்வது சரி? அம்மாவைக் கூட்டிப் போகலாமா? மொய் எவ்வளவு?

போய்வாருங்கள். அழைப்பிதழில் 'டெம்பிள்' என்று இருக்கிறதே என்று ஆஷ்லேண்ட் லட்சுமி கோயிலுக்கு வண்டியை விட்டுவிடாதீர்கள். காலத்துக்கேற்ப மாறலாம் என்கிற ரிஃபார்ம் பிரிவு யூதர்கள் தங்கள் ஆலயத்தைப் பெரும்பாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

யார் சொல்வது சரி என்றால், அவரவர் பிரிவில் அவரவர் சொல்வது சரி. யூதர்களுக்குப் போப்பாண்டவர் போல ஒரே தலைமை கிடையாது. அவர்கள் வேதத்தின் லேவியராகமத்தில் ஆணோடு ஆண் சேரக் கூடாது என்று இருக்கிறது. பழைய சட்டத்தை அப்படியே கடைப்பிடிக்கும் ஆர்த்தடாக்ஸ் பிரிவு அதை விட்டு அசையவில்லை. ரிஃபார்ம் ரப்பிகள் சங்கமோ, அரசாங்கம் இந்தக் கல்யாணங்களை ஏற்க வேண்டும் என்று 1996லேயே தீர்மானம் போட்டது. 2000ல், விரும்பும் ரப்பிகள் சடங்கை நடத்திவைக்கலாம் என்றது. மனிதர் எல்லோரும் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவர்கள், "மனுஷன் தனிமையாயிருப்பது நல்லதல்ல" என்கிற ஆதியாகம வரிகளை அவர்கள் முன்னால் வைக்கிறார்கள். புத்தகம் ஒன்றுதான், எந்தப் பக்கத்தைத் திறந்து வைக்கிறார்கள் என்பதில்தான் வழக்கே.

நடுவில் இருக்கும் கன்சர்வேட்டிவ் பிரிவின் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 2006 டிசம்பரில் அவர்களுடைய சட்டக் குழு கூடியது. மனித கண்ணியம் பெரிது, அதனால் தோரா என்கிற மூல வேதம் நேரடியாகச் சொன்ன தடையை மட்டும் வைத்துக்கொண்டு, பிற்கால ரப்பிகள் கூடுதல் தடைகளாகச் சுற்றிலும் கட்டிய வேலியை எடுத்துவிடலாம் என்றது ஒரு தீர்ப்பு. வேலியும் அப்படியே இருக்கட்டும் என்றது இன்னொன்று. இரண்டுக்கும் 13 வாக்குகள். குழுவில் இருந்தது 25 பேர்! ஒருவர் இரண்டுக்கும் கை தூக்கியிருக்கிறார். இரண்டுமே செல்லும், ஊர் ரப்பி எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். 2012ல் அதே குழு கல்யாணச் சடங்குக்கு மாதிரி எழுதிக் கொடுத்தபோது, பிரிய நேர்ந்தால் எப்படிப் பிரிவது என்பதையும் சேர்த்தே எழுதிவைத்தது. நம் ஊரில் தாலி கட்டும் முன் அந்தப் பேச்சை எடுத்தால் அபசகுனம் என்பார்கள்.

நான் வந்தது 2003ல். அந்த நவம்பரில்தான் மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்துக்குத் தடை கூடாது என்று தீர்ப்பளித்தது. அடுத்த வருஷம் மே 16 இரவு பாஸ்டன் பக்கத்துக் கேம்பிரிட்ஜ் நகர மன்றத்தின் முன் ஒரே கூட்டம். ஏதோ திருவிழா என்று நினைத்து நானும் போய் நின்றேன். நள்ளிரவு தாண்டியதும் கல்யாணத்துக்கான மனு வாங்க ஆரம்பித்தார்கள். என் பக்கத்தில் நின்ற ஒரு பாட்டியம்மா அழுதுகொண்டே மூக்கைச் சிந்தினார். உறவுக்காரர் யாராவது உள்ளே போயிருக்கிறார்களா என்று கேட்டேன். "இல்லை, நான் யூதச்சி. அந்நியரின் மனம் உங்களுக்குத் தெரியும், எகிப்தில் நீங்களும் அந்நியராக இருந்தீர்களே என்று வருஷா வருஷம் படிக்கிறோம், சும்மா படித்தால் ஆயிற்றா?" என்றார்.

இந்த நாட்டில் இந்த வழக்குகளில் யூதர்கள் நிறையப் பேர் தெரிவது அதனால்தானோ என்னவோ. ஈடித் விண்ட்சர் என்ற அம்மா 2007ல் டொரான்டோவில் தியா ஸ்பையரை மணந்தார். தியா, நாஜிகளுக்குத் தப்பி ஹாலந்திலிருந்து ஓடிவந்த யூதக் குடும்பத்துப் பெண். 2009ல் அவர் இறந்தபோது, அந்தக் கல்யாணத்தை அமெரிக்க மத்திய அரசு கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. தியா விட்டுப்போன சொத்துக்கு விண்ட்சர் கட்டிய வரி 3,63,053 டாலர். கணவனை இழந்த மனைவி என்றால் அதில் ஒரு காசு கட்ட வேண்டியதில்லை. வழக்குப் போட்டார். வாதாடிய ராபர்ட்டா கேப்ளனும் யூதர். 2013ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். 2015ல் தன்பாலினத் திருமண உரிமை நாடு முழுக்க வந்தது.

உங்கள் பக்கத்து மேஜைக்காரரை இதை வைத்து மடக்கப் பார்க்காதீர்கள். புரூக்லைனில் எங்கள் மாடிவீட்டுக்காரரும் ஆர்த்தடாக்ஸ். எதிர்வீட்டில் இரண்டு பெண்கள் கல்யாணம் செய்துகொண்டபோது போகவில்லை. அதில் ஒருத்தி காலை உடைத்துக்கொண்ட குளிர்காலத்தில் அவர்கள் வாசல் பனியை அள்ளியது இவர்தான். 2010ல் ஆர்த்தடாக்ஸ் ரப்பிகள் பலர் சேர்ந்து, சடங்கு நடத்த மாட்டோம், ஆனால் இவர்களை ஆலயத்தில் மரியாதையோடு சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அறிக்கையே விட்டார்கள். அவர் போகாததை மேனேஜரிடம் பேச்சுவாக்கில்கூடச் சொல்லிவைக்காதீர்கள்.

அம்மாவைத் தாராளமாகக் கூட்டிப் போங்கள், ஆனால் விஷயத்தை வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். என் மாமியாரிடம் நான் காரில்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "இதில் யார் மாப்பிள்ளை வீட்டார்?" என்றார். இரண்டு பக்கமும்தான் என்றேன். "அப்போ முறைத்துக்கொள்ள ஆளே இல்லை" என்று புடவையைச் சரிசெய்துகொண்டார். நான்கு கம்பு நட்டு மேலே துணி கட்டிய ஹுப்பா என்கிற பந்தலைப் பார்த்ததும் அவருக்குப் பாதிப் பயம் போய்விட்டது. வழக்கமாக மாப்பிள்ளை ஒரு கண்ணாடிக் கோப்பையைக் காலால் மிதித்து உடைப்பார். அன்று துணியில் சுற்றிய கோப்பைகள் இரண்டு. ஒருவருடையது உடையாமல் நழுவ, இரண்டாவது மிதியில்தான் நொறுங்கியது. "மசெல் டோவ்" என்று கூட்டம் வாழ்த்திக் கத்தியது, மாமியாரும் ஏதோ கத்தினார்.

மொய்யில் நம் 101 கணக்கு வேண்டாம். எபிரேய எழுத்தில் 'உயிர்' என்ற சொல்லின் எண் மதிப்பு 18, அதனால் 18ன் மடங்காக வைப்பார்கள். மனைவியோடு போகிறீர்கள், 180 டாலர் காசோலை மரியாதையாக இருக்கும். வாசலில் ஒரு கூடையில் கிப்பா என்கிற குட்டித் தொப்பி வைத்திருப்பார்கள், ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். உள்பக்கம் மணமக்கள் பெயரும் தேதியும் அச்சடித்திருக்கும், திருப்பித் தர வேண்டாம். எங்கள் பீரோவில் நான்கு கிடக்கின்றன.