கையடக்கக் கேமரா வாங்கும்போது: கேள்வி-பதில்

கேள்வி: ஏற்காட்டில் காபித் தோட்டப் பறவைகளையும் குடும்பப் படங்களையும் எடுக்க ஒரு சின்ன கேமரா வேண்டும். சேலம் கடையில் ஒன்றுக்கு 40 மடங்கு ஜூம், கார்டு, பை, ட்ரைபாட் எல்லாம் இலவசம் என்கிறார்கள். இன்னொன்றுக்கு ஜூம் 4 மடங்குதான், விலையோ அதிகம். எதை வாங்கலாம்? – வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: மடங்கு என்பது லென்ஸின் குவியத் தூரத்தில் (மி.மீ. கணக்கில் சொல்வது) பெரிய எண்ணைச் சிறிய எண்ணால் வகுத்து வரும் எண். 24-960 மி.மீ. என்றால் 40. இது லென்ஸே நகர்ந்து பெரிதாக்கும் ஆப்டிகல் ஜூமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். டிஜிட்டல் ஜூம் என்பது படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதுதான். அதை மெனுவிலேயே அணைத்து வைக்கலாம்.

விலை வித்தியாசத்துக்குக் காரணம் சென்சார், அதாவது லென்ஸ் வழியாக வரும் ஒளியைப் படமாக மாற்றும் சில்லு. 40 மடங்கு ஜூம் உள்ள பாக்கெட் கேமராவில் பெரும்பாலும் 1/2.3 அங்குல சென்சார் இருக்கும். அளவு சுமார் 6.2 × 4.6 மி.மீ. விலை அதிகமான 4 மடங்கு கேமராவில் பெரும்பாலும் இருக்கும் '1 அங்குலம்' எனப்படும் சென்சார் 13.2 × 8.8 மி.மீ., பரப்பில் நாலு மடங்கு. போதாததற்கு, 40 மடங்கு லென்ஸை முழுக்க இழுத்தால் ஒளி நுழையும் துளை சுருங்கி எஃப் 6.9 வரை போய்விடும் (எஃப் எண் கூடக்கூட ஒளி குறையும்). எஃப் 2.8-இல் நிற்கும் லென்ஸோடு பார்த்தால் ஆறில் ஒரு பங்கு ஒளிதான் உள்ளே வரும். சில்வர் ஓக் நிழலில் காபிச் செடிக்குள் உட்கார்ந்திருக்கும் பறவை இதில் கலங்கலாகத்தான் விழும். திறந்த வெளியில், வெயிலில் உள்ள பறவைக்கு 40 மடங்கு நன்றாக உதவும். வீட்டுக்குள், சாயங்காலத்தில், குழந்தைகளைத்தான் அதிகம் எடுப்பீர்கள் என்றால் தயங்காமல் பெரிய சென்சாருக்குப் போங்கள். மெகாபிக்சலை வைத்து முடிவு செய்ய வேண்டாம், இரண்டிலும் பெரும்பாலும் சுமார் 20 இருக்கும்.

கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஜூமை முழுக்க இழுத்து, கடையின் இருட்டு மூலையில் இருக்கும் ஒரு அட்டைப்பெட்டியை எடுங்கள். படத்தைத் திரையில் பெரிதாக்கி, பெட்டியில் உள்ள சின்ன எழுத்து படிக்க வருகிறதா என்று பாருங்கள்.

இலவசங்களில் ட்ரைபாடை விட்டுவிட்டு இன்னொரு பேட்டரி கேளுங்கள். இந்த ரகக் கேமராக்கள் ஒரு சார்ஜுக்குச் சுமார் 250 படம்தான் தாங்கும். மெலிந்த கால் ட்ரைபாட் காற்றில் ஆடும். லென்ஸின் முன்னால் மாட்டும் யுவி ஃபில்டர் கண்ணாடி தந்தால் வாங்காதீர்கள். பெரும்பாலான சின்ன கேமராக்களின் லென்ஸில் அதை மாட்டும் மறையே கிடையாது. 4கே வீடியோ எடுப்பதானால் கார்டில் யு3 அல்லது வி30 குறி இருக்க வேண்டும். அது நொடிக்குக் குறைந்தது 30 எம்பி எழுதும் என்பதற்கான அடையாளம்.

பில்லில் சீரியல் எண் எழுதி வாங்குங்கள். அது பெட்டியிலும் கேமராவின் அடியிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி இல்லையென்றால் வேறு வழியில் வந்த சரக்கு என்று சந்தேகப்படுங்கள். இந்திய வாரண்டி கிடைக்காமல் போகலாம். தகராறு வந்தால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழையுங்கள். அதிலும் தீராவிட்டால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை.

கேள்வி: பழைய கேமராவில் புது 64 ஜிபி கார்டைப் போட்டால் பிழை காட்டுகிறது. கார்டு கெட்டதா? – வாசகர், சூரமங்கலம்

பதில்: கார்டு போடும் இடத்தில் என்ன குறி இருக்கிறது என்று பாருங்கள். வெறும் எஸ்டி என்றால் 2 ஜிபி வரை, எஸ்டிஎச்சி என்றால் 32 வரைதான். 64 ஜிபி, எஸ்டிஎக்ஸ்சி ரகம். 32 வாங்கி, கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள்.

கேள்வி: ஏசி காரில் ஏற்காடு ஏறி, பகோடா பாயிண்டில் கேமராவை எடுத்ததும் லென்ஸ் மங்கிவிட்டது. படங்களும் சாம்பல் நிறமாக வந்தன. ஏன்? – வாசகர், ஃபேர்லேண்ட்ஸ்

பதில்: இரண்டும் வேறு வேறு கோளாறு. ஏசியில் குளிர்ந்த கண்ணாடியில் ஈரக்காற்று பட்டதும் நீர் படிந்துவிடுகிறது, ஐஸ் தண்ணீர்ச் சொம்பின் வெளிப்புறம் வியர்ப்பது போல. கடைசிச் சில கொண்டை ஊசி வளைவுகளிலேயே ஏசியை நிறுத்திக் கார் கண்ணாடியை இறக்குங்கள். கேமராவை ஜிப் கவரில் மூடியபடி அரை மணி நேரம் வைத்திருந்து பிறகு எடுங்கள். மலையிறங்கிக் குளிர்ந்த கேமராவோடு சேலத்துக்கு வரும்போதும் இதே கவனம் வேண்டும். லென்ஸ் ஈரமாக இருக்கும்போது கேமராவை அணைக்காதீர்கள். லென்ஸ் குழாய் உள்ளே இழுக்கப்படும்போது ஈரமும் கூடவே போய், பிறகு பூஞ்சையாகும். குழாயைப் பருத்தித் துணியால் ஒற்றி எடுத்த பிறகே அணையுங்கள்.

சாம்பல் நிறத்துக்குக் காரணம் மூடுபனி. வெளிச்சம் அதிகம் என்று கேமரா நினைத்துக்கொண்டு படத்தை இருட்டாக்குகிறது. கூட்டல்-கழித்தல் குறி போட்ட பட்டனில் +0.7 அல்லது +1 வையுங்கள். ஃபிளாஷை அணைத்துவிடுங்கள், பனித்துளிகளில் பட்டு வெள்ளைப் புள்ளிகளாகத் திரும்பும். ஃபோகஸ் தடுமாறினால், அதே தூரத்தில் உள்ள கறுத்த மரத்தண்டின் ஓரத்தில் ஷட்டரைப் பாதி அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிறகு காட்சிக்குத் திருப்பி எடுங்கள்.

வீட்டில் தோல் பைக்குள் வைக்க வேண்டாம், அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காற்றுப் புகாத டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். அது பச்சையானால் மாற்றிவிடுங்கள்.