ஸ்பீக்கர் வயரில் பிளஸ் மைனஸ்: வந்த கேள்விகளும் பதில்களும்

காரில் புது ஸ்பீக்கர் மாட்டினேன். சத்தம் இருக்கிறது, ஆனால் பேஸ் (கனத்த, தாழ்ந்த ஒலி) பழசை விடக் குறைவு. டூப்ளிகேட்டா?

ஸ்பீக்கரைத் திட்டுவதற்கு முன் வயரைப் பாருங்கள். ஒன்றில் மட்டும் பிளஸ் மைனஸ் மாறியிருந்தால், ஒரு ஸ்பீக்கரின் கோன் (முன்னால் அதிரும் கூம்பு) வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கும். முதலில் அடிபடுவது பேஸ்தான், அப்புறம் பாடுபவர் குரல் நடுவில் நிற்காமல் எங்கிருந்தோ வருவது போல் இருக்கும். செட்டில் ஃபேடரை (முன்-பின் சத்தம்) முழுக்க முன்னால் தள்ளி, பேஸ் உள்ள ஒரு பாட்டைப் போட்டு, பேலன்ஸை (இடது-வலது சத்தம்) ஒரு ஓரத்திலிருந்து மெதுவாக நடுவுக்குக் கொண்டுவாருங்கள். நடுவில் பேஸ் கூட வேண்டும். குறைந்தால் ஒரு பக்கம் மாறியிருக்கிறது. பின்னால் உள்ள இரண்டுக்கும் இதே சோதனைதான்.

நாலிலும் மாற்றிக் கொடுத்துவிட்டேன். எரிந்துவிடுமா?

எரியாது. நாலும் ஒரே மாதிரி மாறியிருந்தால் காதுக்குப் பெரிதாகத் தெரியவும் தெரியாது. பேஸுக்கென்று தனியாக சப்வூஃபர் இருந்தால் மட்டும் அதோடு சேராமல் போகலாம்.

ஸ்பீக்கரில் பிளஸ் குறி அழிந்துவிட்டது.

வயர் மாட்டும் இரண்டு தகடுகளில் அகலமானது பெரும்பாலும் பிளஸ். சந்தேகம் என்றால் வயரைக் கழற்றிவிட்டு 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டு எடுங்கள். கோன் வெளியே வந்தால் பேட்டரியின் பிளஸ் பட்ட தகடுதான் பிளஸ். கார் பேட்டரியை வைத்து இதைச் செய்யாதீர்கள். ட்வீட்டருக்கு, அதாவது கீச்சொலிக்கான சின்ன ஸ்பீக்கருக்கு, இந்த வழி உதவாது.

கம்பெனி கப்ளரை (வயர் முனையில் உள்ள பிளாஸ்டிக் இணைப்பான்) வெட்டிவிட்டேன். எது மைனஸ் என்று தெரியவில்லை. கறுப்புதானே?

வெட்டும் முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி! அந்தக் கப்ளர் ஒரு பக்கமாக மட்டுமே உள்ளே போகும், எது பிளஸ் என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும். பல கார்களுக்கு அடாப்டர் வயர் கிடைக்கிறது, ஒரு முனை கப்ளரில், மறு முனை ஸ்பீக்கரில், வெட்டவே தேவையில்லை. அதை விட்டுவிட்டு வெட்டி, முறுக்கி, மேலே இன்சுலேஷன் டேப் சுற்றி வைத்தால் எத்தனை நாள் தாங்கும்? வெயிலில் டேப்பின் பசை இளகும், கண்ணாடி வழியாக மழைநீர் கதவுக்குள் இறங்கும், கதவை அறைந்து மூட மூட முறுக்கு தளரும், ஒருநாள் செம்பு கதவுத் தகட்டைத் தொடும். பெரும்பாலான கார் செட்களில் ஸ்பீக்கர் மைனஸ் என்பது எர்த் கிடையாது. செட் ஓடும்போது இரண்டு வயரிலுமே சுமார் 6 வோல்ட் நிற்கும். பாடியில் பட்டால் செட்டுக்குள் ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப் ஐசியே போகலாம். மைனஸை பாடியில் கொடுக்காதீர்கள், இரண்டு ஸ்பீக்கரின் மைனஸை ஒன்றாகக் கட்டாதீர்கள், இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

நிறத்துக்கு வருவோம். தனியாக வாங்கும் செட்களில் வழக்கமாக வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. கறுப்புக் கோடு போட்டது மைனஸ். கார் கம்பெனி போட்ட வயருக்கு இந்தக் கணக்கு செல்லாது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். வயரிங் டயகிராமைப் பார்த்து, செட்டின் பின்னால் உள்ள கப்ளரைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரில் கன்டினியூட்டி (இணைப்பு இருக்கிறதா என்ற சோதனை) வைத்து எந்த வயர் கப்ளரின் எந்த முனைக்குப் போகிறது என்று பிடியுங்கள். பிறகு கிரிம்ப் பண்ணுங்கள் (உலோகக் குழலில் வைத்து நசுக்குவது), அல்லது சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் உறை) போடுங்கள். டேப் மட்டும் வேண்டாம்.

ட்வீட்டர் வயரில் உள்ள சின்ன கெப்பாசிட்டரை எடுத்துவிடலாமா?

கூடாது. பேஸ் ட்வீட்டருக்குள் போகாமல் தடுப்பதே அதுதான். எடுத்தால் உள்ளே இருக்கும் காயில் (கம்பிச்சுருள்) கருகும்.

கிராஸ்ஓவரோடு (ட்வீட்டருக்கும் வூஃபருக்கும் ஒலியைப் பிரித்துத் தருவது) வந்த தாளில் ட்வீட்டருக்கு பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறது. அச்சுப்பிழையா?

இல்லை. 12 டெசிபல் வகை கிராஸ்ஓவரில், ஒலி பிரியும் இடத்தில் ட்வீட்டரும் வூஃபரும் (பேஸ் தரும் பெரிய ஸ்பீக்கர்) 180 டிகிரி விலகி, அதாவது எதிரெதிராக, நிற்கும், அதை ஈடுகட்டத்தான் அப்படி. தாளில் உள்ளபடியே கொடுங்கள்.

4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 3.4 காட்டுகிறது.

நல்ல ஸ்பீக்கர். மீட்டர் காட்டுவது காயிலின் டிசி ரெசிஸ்டன்ஸ், அது எப்போதும் கொஞ்சம் குறைவாகத்தான் வரும்.

சத்தம் சரியில்லை, என்ன செய்வது?

என்ன கார், என்ன செட், எந்தக் கதவு, வயரை வெட்டினீர்களா இல்லையா? ஒன்றுமே எழுதாமல் கேட்டால் எதை வைத்துப் பதில் சொல்வது? விவரத்தோடு எழுதுங்கள்.

டோர் பேடை (கதவின் உள்பக்க மூடி) மூடும் முன் என்ன பார்க்க வேண்டும்?

கண்ணாடியை முழுக்க இறக்கிப் பாருங்கள், ஸ்பீக்கரின் மேக்னட்டில் இடிக்கக் கூடாது. உள்ளே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் ஷீட்டைத் திரும்ப ஒட்டுங்கள், மழைநீர் காருக்குள் வராமல் காப்பது அதுதான். அப்புறம் அந்த பேலன்ஸ் சோதனை. கதவில் ஏர்பேக் சென்சார் உள்ள காராக இருந்தால், கழற்றிய எல்லாக் கப்ளரையும் மாட்டிய பிறகே சாவியைத் திருப்புங்கள்.